எங்களுக்கு விற்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஐரோப்பியப் போட்டித்துறைக்கு ஒரு திறந்த மடல்

போட்டித்துறைப் பொறுப்பாளர் மதிப்பிற்குரிய தெரேசா ரிபேரா அம்மையார் அவர்களுக்கும், பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் போட்டித்துறையில் பணிபுரியும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், உணவு அடைக்கும் தகர டப்பாக்கள் செய்கிற நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். தக்காளியோ மீனோ நாய்க்கான உணவோ, உள்ளே எதை அடைத்தாலும் வெறும் டப்பாவின் அடக்கவிலையில் பெரும்பங்கு தகட்டின் விலைதான். அந்தத் தகட்டை யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு, எத்தனை மாத ஒப்பந்தத்துக்கு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதை எப்படி மதிப்பிடுவது என்று 2004-இல் எழுதப்பட்ட இணைப்பு வழிகாட்டுதல்களை மாற்றி எழுதப் போவதாகச் சொல்லி, 2025 மே மாதம் பொதுவில் கருத்துக் கேட்டீர்கள். பெரிய நிறுவனங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நான் தமிழில் எழுதுகிறேன். பாரிஸ், டோர்ட்முண்ட், ரோட்டர்டாம் என்று கடை நடத்தியும் தொழிற்சாலையில் வேலை பார்த்தும் வாழ்கிற என் மக்களும் இந்தச் சந்தையில் வாங்குகிறவர்கள்தான். உங்கள் முடிவுகள் அவர்கள் சட்டைப்பையைத் தொடுகின்றன. ஆனாலும் இந்த விவாதம் அவர்கள் காதுவரை வந்ததே இல்லை. அவர்களும் கேட்கும்படி உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இப்போது பிரஸ்ஸல்ஸிலும் பெர்லினிலும் பாரிஸிலும் ஓங்கி ஒலிக்கிற வாதம் இதுதான்: அமெரிக்காவிலும் சீனாவிலும் நிறுவனங்கள் மலைபோல் வளர்ந்துவிட்டன, ஐரோப்பாவில் நீங்கள் இணைப்புகளுக்கு முட்டுக்கட்டை போடுவதால் நம்மவர்கள் சின்னதாகவே நிற்கிறார்கள், ஆகவே போட்டிச் சட்டத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தி ‘ஐரோப்பியச் சாம்பியன்களை’ உருவாக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் ஜெர்மன் அமைச்சர் பேட்டர் ஆல்ட்மையரும் பிரெஞ்சு அமைச்சர் புருனோ லு மேரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் இது வெளிப்படையாகவே இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த, இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ டிராகியின் அறிக்கை, இதைவிட நிதானமாக என்றாலும், அந்தக் கதவை மறுபடி திறந்தது.

டிராகி சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆண்டுக்கு 75,000 கோடி முதல் 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு தேவை என்கிறார், சரி. மின்சாரம் விலை அதிகம் என்கிறார். எங்கள் கணக்குப் பிரிவைக் கேட்டால் அதையே சொல்வார்கள். ஆனால் சாம்பியன் வாதத்தில் ஒரு ஆள் காணாமல் போகிறார். அவர்தான் வாங்குகிறவர். ‘நுகர்வோர்’ என்றதும் கடையில் சாமான் வாங்குகிற குடும்பத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இரும்பு, வேதிப்பொருள், ரயில் சிக்னல், எரிவாயு ஆகியவற்றை வாங்குவது இன்னொரு தொழிற்சாலை, இன்னொரு ரயில் நிர்வாகம், இன்னொரு நகராட்சி. மேலே இருக்கும் தொழிலுக்குப் பலம் சேர்க்கிறோம் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு இணைப்புக்கும், கீழே இருக்கும் தொழில் விலை கொடுக்கிறது. அதுவும் ஐரோப்பியத் தொழில்தான். அங்கேயும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

என் மேசையிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். டப்பாத் தகடு என்பது கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய எஃகு. இரண்டு பக்கமும் வெள்ளீயப் பூச்சு, அதற்கு மேல் உணவுக்கு ஏற்ற, லாக்கர் என்னும் இன்னொரு பூச்சு. ஒரு ஆலையின் தகட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது கடை மாற்றுவது போன்ற காரியம் இல்லை. புதிய ஆலையிலிருந்து சோதனைச் சுருள் வரவழைத்து, எங்கள் இயந்திரத்தில் வெல்டிங் பிடிக்கிறதா, விளிம்பு மடிக்கும்போது விரிசல் விடுகிறதா, லாக்கர் ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் டப்பாவில் உண்மையான உணவை அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். தக்காளி புளிப்பு, பூச்சில் சிறு குறை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அடைக்கிற நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். இதெல்லாம் முடிந்து ‘அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர்’ பட்டியலில் இருப்பவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள்.

பட்டியலில் நான்கு பெயர் இருக்கும்போது விலை கேட்டு எழுதினால், பதில் விலையோடு வரும், பேச இடம் வைத்து வரும், எப்போது சந்திக்கலாம் என்று கேட்டு வரும். இரண்டே பெயர் என்றால் வருவது கடிதம் இல்லை, அறிவிப்பு: அடுத்த ஒப்பந்தக் காலத்துக்கு டன்னுக்கு இவ்வளவு கூடுகிறது, நன்றி. விற்கிறவர் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. எனக்குப் போக வேறு இடமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்குக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் துறை காக்கிறது.

2019 ஜூன் 11 அன்று டாட்டா ஸ்டீலும் தைசென்குரூப்பும் தங்கள் ஐரோப்பிய எஃகுத் தொழிலை ஒன்றாக்கும் திட்டத்தை நீங்கள் தடுத்தீர்கள். டாட்டா பெயர் இருந்ததால் இங்குள்ள இந்திய நண்பர்கள் சிலர் ஐரோப்பா ஓர் இந்திய நிறுவனத்துக்குக் கதவடைத்துவிட்டதாக வருத்தப்பட்டார்கள். அப்படி இல்லை, கூட்டில் பாதி ஜெர்மானியருடையது. நீங்கள் காட்டிய காரணங்களில் முக்கியமான ஒன்று இந்த டப்பாத் தகடுதான், மற்றொன்று கார்களுக்கான துத்தநாகம் பூசிய எஃகு. இரண்டிலும் வாங்குகிறவர்களுக்குத் தேர்வு குறைந்து விலை ஏறும் என்றீர்கள். 2022 ஜூனில் லக்சம்பர்க்கில் உள்ள பொது நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அந்த முடிவை இன்று பலர் குறை சொல்கிறார்கள். தைசென்குரூப்பின் எஃகுப் பிரிவு நெருக்கடியில் இருக்கிறது. 2024 நவம்பரில் ஏறத்தாழ 11,000 வேலைகளைக் குறைக்கவோ வெளியே மாற்றவோ போவதாக அறிவித்தது. டூயிஸ்பர்கில் அந்தச் செய்தி எத்தனை வீடுகளைக் கலங்கடித்தது என்று அறிவேன். என்னோடு வேலை செய்கிறவர்களின் உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள். அன்றே இணைய விட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்கிறார்கள். அதை நான் நம்பவில்லை. இணைந்தால் மின்கட்டணம் குறைந்திருக்குமா? சீனாவின் மிதமிஞ்சிய உற்பத்தி நின்றிருக்குமா? கார் விற்பனை ஏறியிருக்குமா? ஐரோப்பாவின் ஆகப்பெரிய எஃகு நிறுவனம் ஆர்செலர்மித்தல். அளவுதான் மருந்து என்றால் அதற்கு அது வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனாலும் பிரேமன், ஐசன்ஹூட்டன்ஸ்டாட் ஆலைகளைப் பசுமை எஃகுக்கு மாற்ற ஜெர்மன் அரசு தருவதாக இருந்த 130 கோடி யூரோவையே வேண்டாம் என்று 2025 ஜூனில் சொல்லிவிட்டது. எரிசக்தி விலையும் சந்தை நிலையும் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அது சொன்ன காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025-இல் சீனாவிலிருந்து வரும் டப்பாத் தகட்டுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மிகக் குறைந்த விலையில் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி, போட்டீர்கள். அதே ஆண்டு அக்டோபரில், எஃகுக்கு வரியில்லாத இறக்குமதி அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, அதற்கு மேல் வருவதற்கு 50 சதவீத வரி என்று ஆணையம் முன்மொழிந்தது. எஃகுத் தொழிலாளர்கள் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. விலை ஏறும் என்று தெரிந்தும் நான் இதை எதிர்க்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் சரக்குக்கு மதில் எழுப்பியபின், மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவது மட்டும்தான் எங்களுக்கு மிச்சமிருக்கும் காப்பு. உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று அதே நேரத்தில் வழிகாட்டுதலை நெகிழ்த்தினால், டப்பா செய்கிறவர்கள் என்ன செய்வது? வணிகத்துறை ஒரு கட்டடத்தில், போட்டித்துறை இன்னொரு கட்டடத்தில். இரண்டின் முடிவும் வந்து இறங்குவது ஒரே கொள்முதல் மேசையில்.

உங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆர்செலர்மித்தல் 2018-இல் இத்தாலியின் இல்வா ஆலையை வாங்க அனுமதித்தபோது, பதிலுக்குச் சில ஆலைகளை விற்க வைத்தீர்கள். பெல்ஜியத்தின் லியேஜ், செக் நாட்டின் ஆஸ்ட்ராவா ஆலைகள் லிபர்ட்டி குழுமத்தின் கைக்குப் போய், கடைசியில் திவாலில் முடிந்தன. காகிதத்தில் போட்டியாளர் ஒருவர் உருவானார், களத்தில் நிலைக்கவில்லை. விற்கச் சொல்வதோடு உங்கள் வேலை முடிவதில்லை. வாங்குகிறவருக்கு அந்த ஆலையை நடத்தும் பணபலம் பத்தாண்டுக்காவது இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற சீமென்ஸ்–அல்ஸ்டோம்: ஜெர்மனியின் சீமென்ஸும் பிரான்ஸின் அல்ஸ்டோமும் தங்கள் ரயில் தொழிலை ஒன்றாக்கக் கேட்ட அனுமதி. 2019 பிப்ரவரி 6 அன்று உங்களுக்கு முன்பு இந்தப் பொறுப்பில் இருந்த மார்கிரேத் வெஸ்டேயர் அதைத் தடுத்தபோது, பாரிஸிலும் பெர்லினிலும் கொதித்துப் போனார்கள். ரயில் செய்கிற சீன அரசு நிறுவனம் சி.ஆர்.ஆர்.சி. வந்து விழுங்கிவிடும் என்றார்கள். அதிவேக ரயில்களிலும் சிக்னல் அமைப்புகளிலும் ஐரோப்பிய ரயில் நிர்வாகங்களுக்குத் தேர்வே இல்லாமல் போய்விடும், சீன நிறுவனம் அதிவேக ரயிலில் அண்மை எதிர்காலத்தில் இங்கே வர வாய்ப்பில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு முந்தைய பத்தாண்டில் 3,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளை அனுமதித்து ஒன்பதை மட்டுமே தடுத்திருந்தீர்கள் என்ற கணக்கு அன்றைய கூச்சலில் யார் காதிலும் ஏறவில்லை.

பிறகு நடந்தது எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகவே வாழ்கின்றன. அல்ஸ்டோம் 2021-இல் பம்பார்டியரின் ரயில் பிரிவை வாங்கியது. சில ஆலைகளையும் ரயில் வகைகளையும் விட்டுக்கொடுக்க வைத்து அதற்கு அனுமதி தந்ததும் நீங்கள்தான். அவ்வளவு பெரிதாகிய பின்பு அது வலுவாக நின்றதா? 2023-இல் பணப்புழக்கச் சிக்கலில் மாட்டி, அக்டோபரில் அதன் பங்குவிலை சரிந்தது. சீமென்ஸோ 2022-இல் எகிப்தில் 2,000 கிலோமீட்டர் அதிவேக ரயில் வலையமைப்புக்கான ஒப்பந்தத்தில் தன் பங்காக 810 கோடி யூரோ வேலையைப் பெற்றது. எந்தச் சாம்பியனோடும் சேராமல்தான் பெற்றது.

சி.ஆர்.ஆர்.சி. வரவே இல்லையா என்றால், வந்தது. பல்கேரியா 20 மின்சார ரயில்கள் வாங்க டெண்டர் விட்டபோது, ஸ்பெயினின் டால்கோ கேட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்கு விலை போட்டது. 2023-இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு மானிய ஒழுங்குமுறையின் கீழ் நீங்கள் 2024 பிப்ரவரியில் விசாரணை தொடங்கினீர்கள். மார்ச் மாதமே அது டெண்டரிலிருந்து விலகிக்கொண்டது. சரியான கருவி கையில் இருந்ததால், இரண்டு ஐரோப்பிய நிறுவனங்களை ஒன்றாக்காமலேயே அந்த மானியப் போட்டியைச் சமாளிக்க முடிந்தது. இதை நீங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 2019-இல் கேட்ட கேள்விக்கு 2024-இல் கிடைத்த பதில் இது.

என் ஊர்க்காரர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் ஓடுகிற ரயில்களைச் செய்தது அல்ஸ்டோம். முதலில் சில பிரேசிலில் தயாராகி வந்தன, மற்றவை சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில். அதே தடத்தின் சிக்னல் அமைப்பு சீமென்ஸுடையது. பிரஸ்ஸல்ஸில் இரண்டு நிறுவனம் ஒன்றாக அனுமதி கேட்கும்போது, உலகில் எங்கோ டெண்டர் விடுகிற நகரத்துக்கு வரும் விலைகளில் ஒன்று குறைகிறது. அது உங்கள் சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று தெரியும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த வாங்குகிறவர்களையும் நினைவில் வையுங்கள்.

சாம்பியன் வாதிகள் கடைசியாக எடுத்து வைப்பது ஏர்பஸ். அதை நான் மதிக்கிறேன். ஐரோப்பியத் தொழில்கொள்கையின் மிகப்பெரிய வெற்றி அதுதான். ஆனால் அது எப்படி வெற்றி பெற்றது? 1970-இல் பிரெஞ்சு, ஜெர்மன் நிறுவனங்கள் சேர்ந்து அதைத் தொடங்கியபோது, பெரிய பயணிகள் விமானச் சந்தை போயிங், மெக்டொனல் டக்ளஸ், லாக்ஹீட் என்று அமெரிக்கர் கையில் இருந்தது. ஏர்பஸ் வந்ததால் உலகில் விமானம் விற்பவர்களில் ஒருவர் கூடினார். இன்று உங்களிடம் அனுமதி கேட்டு வரும் இணைப்புகளால் ஒருவர் குறைகிறார். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கக் கூடாது.

இனி நான் இருக்கும் மாநிலத்திலேயே நடந்த ஒன்று. சாம்பியன் வாதத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை ஐரோப்பாவில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்போது டுஸ்ஸல்டோர்ஃபில் இருந்த ஈ.ஆன், எஸ்ஸனின் ரூர்காஸை வாங்க முற்பட்டது. ஒன்று மின்சாரப் பெருநிறுவனம், மற்றது ஜெர்மனியின் ஆகப்பெரிய எரிவாயு இறக்குமதியாளர். 2002 தொடக்கத்தில் பான் நகரில் உள்ள ஜெர்மன் கார்ட்டெல் அலுவலகம், அதாவது அந்நாட்டின் போட்டி அலுவலகம், தடுத்தது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஏகபோக ஆணையமும் வேண்டாம் என்றே அறிவுரை சொன்னது. ஆனால் ஜெர்மன் சட்டத்தில், பொதுநலன் கருதி அமைச்சர் அந்தத் தடையை மீறலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொருளாதார அமைச்சர் வெர்னர் முல்லர் முன்பு ஈ.ஆனின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்றில் வேலை பார்த்தவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பதில் அமைச்சகச் செயலாளர் ஆல்ஃபிரட் டாக்கே 2002 ஜூலையில் அனுமதிக் கையெழுத்துப் போட்டார். எரிவாயு வரத்துக்குப் பாதுகாப்பு, உலகச் சந்தையில் போட்டியிடும் வலு, இவைதான் சொன்ன காரணங்கள். டுஸ்ஸல்டோர்ஃப் உயர்நீதிமன்றம் இடைத்தடை விதித்தது. எதிர்த்து வழக்குப் போட்ட நிறுவனங்கள் 2003 ஜனவரி கடைசியில் சமரசமாகி விலக, காரியம் முடிந்தது.

ரூர்காஸின் இறக்குமதி ஒப்பந்தங்கள் பின்னாளில் ஈ.ஆனிலிருந்து பிரிந்த யூனிபரிடம் போய்ச் சேர்ந்தன. யூனிபர் ஜெர்மனியில் ரஷ்ய எரிவாயுவை மிக அதிகமாக வாங்கும் நிறுவனமானது. 2022-இல் ரஷ்யா குழாயை மூடியதும், விற்பதாக ஒப்புக்கொண்ட எரிவாயுவை அது திறந்த சந்தையில் எந்த விலைக்கும் வாங்க வேண்டி வந்தது. டிசம்பரில் ஜெர்மன் அரசு அதன் 99 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டது. 3,450 கோடி யூரோ வரை மூலதன உதவிக்கு நீங்கள் ஒப்புதல் தந்தீர்கள். அந்த ஆண்டுக் கோடையில் எங்கள் தொழிற்சாலையில் லாக்கர் உலர்த்தும் அடுப்புகளை வாரத்தில் எத்தனை நாள் எரிப்பது என்று கூட்டம் போட்டுப் பேசினோம். அவை எரிவாயுவில் ஓடுபவை.

2002-இன் கையெழுத்துதான் 2022-இன் நெருக்கடிக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரஷ்ய எரிவாயுவோடு ஜெர்மனிக்கு இருந்த பிணைப்பு அதைவிடப் பழையது, அதில் பல அரசாங்கங்களின் கை இருக்கிறது. நான் கேட்பது வேறு. ‘பெரிய நிறுவனம் இருந்தால் வரத்து பாதுகாப்பாகும்’ என்று சொல்லித்தான் போட்டி அலுவலகத்தின் முடிவு மீறப்பட்டது. அந்த வாக்குறுதி இருபது ஆண்டில் என்ன ஆனது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? புதிய வழிகாட்டுதல்களில் ‘தாங்குதிறன்’, ‘பாதுகாப்பு’, ‘அளவு’ என்ற சொற்களுக்கு இடம் தரச் சொல்கிறார்கள். அந்தச் சொற்களை எழுதும் முன் ரூர்காஸ் கோப்பை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஒரே பெரிய இறக்குமதியாளரும் ஒரே பெரிய விற்பனையாளரும் கைகோத்திருப்பது பாதுகாப்பு இல்லை. பல வழிகளில் பலர் வாங்குவதுதான் பாதுகாப்பு.

தொலைத்தொடர்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவில் 34 கைபேசிக் குழுமங்கள், அமெரிக்காவில் மூன்று, சீனாவில் நான்கு என்ற டிராகி அறிக்கையின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, நாட்டுக்குள்ளேயே நான்கை மூன்றாக்க அனுமதி கேட்கிறார்கள். ஒரு பின்லாந்து நிறுவனமும் ஒரு ஸ்பானிய நிறுவனமும் சேருவதை யாரும் தடுக்கவில்லை. அவை சேராததற்குக் காரணம் அலைக்கற்றையும் விதிமுறையும் நாட்டுக்கு நாடு வேறாக இருப்பது. அதைச் சரிசெய்வது உறுப்பு நாடுகளின் வேலை. ஒரு நாட்டுக்குள் நால்வர் மூவரானால் ஐரோப்பிய அளவு கிடைக்காது, மாதக் கட்டணம்தான் ஏறும். இந்தியாவில் ஒரு டஜன் நிறுவனங்கள் இருந்த இடத்தில் இன்று தனியார் மூவர்தான். 2024 ஜூலையில் மூவரும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றினார்கள். ஊரில் இருக்கும் என் அம்மாவின் ரீசார்ஜ் செலவில் அது தெரிந்தது.

அரசு உதவி விஷயத்தில்தான் எனக்கு உங்கள் மேல் உண்மையான வருத்தம். இணைப்புச் சட்டத்தை நெகிழ்த்தாதீர்கள் என்று உங்களிடம் கெஞ்சுகிறேன். ஆனால் அரசு மானியச் சட்டம் ஏற்கனவே நெகிழ்ந்துவிட்டது. உக்ரைன் போருக்குப் பின் தற்காலிக விதிகளின் கீழ் நீங்கள் ஒப்புதல் தந்த தொகை 67,200 கோடி யூரோ. அதில் 53 சதவீதம் ஜெர்மனிக்கு, 24 சதவீதம் பிரான்ஸுக்கு, 7 சதவீதம் இத்தாலிக்கு என்று 2023 ஜனவரியில் வெஸ்டேயரே எழுதினார். மற்ற 24 நாடுகளுக்கும் சேர்த்து எஞ்சியது 16 சதவீதம். நான் ஜெர்மனியில் வேலை செய்கிறவன். என் தொழிற்சாலைக்கு இதனால் லாபம்கூட இருக்கலாம். ஆனால் போர்ச்சுகலில் மத்தி மீன் டப்பா செய்கிற என் போன்ற ஒருவருக்கு, பக்கத்து நாட்டு அரசின் பணப்பை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தா பிழைப்பு அமைய வேண்டும்? 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே அரசு உதவிக்குக் கடிவாளம் போட்டது இதற்காகத்தானே?

அந்தப் பணம் நல்ல பலன் தந்திருந்தால்கூட ஆறுதல் அடையலாம். ஸ்வீடனின் நார்த்வோல்ட், வட ஜெர்மனியின் ஹைடே நகருக்குப் பக்கத்தில் பேட்டரி ஆலை கட்ட 90.2 கோடி யூரோ ஜெர்மன் உதவிக்கு நீங்கள் 2024 ஜனவரியில் அனுமதி தந்தீர்கள். அமெரிக்கா இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் ஸ்வீடனில் திவாலானது. மாக்டபர்கில் இன்டெல் சிப் ஆலைக்கு ஏறக்குறைய 1,000 கோடி யூரோ தருவதாகப் பேச்சு. 2024 செப்டம்பரில் தள்ளிவைத்தார்கள், 2025 ஜூலையில் கைவிட்டார்கள். தொழில்கொள்கையே வேண்டாம் என்று இதை வைத்து நான் வாதாடவில்லை. பேட்டரியும் சிப்பும் ஐரோப்பாவில் தயாராக வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஒரு நாட்டு அரசு, ஒரு நிறுவனம், ஒரு பெரிய காசோலை என்ற முறையைத்தான் எதிர்க்கிறேன். தகுதியுள்ள எந்த நாட்டு நிறுவனமும் போட்டியிட்டு வெல்லும்படி, பொது ஐரோப்பிய நிதியிலிருந்து ஏல முறையில் கொடுங்கள். பொதுவாகக் கடன் வாங்க வேண்டும் என்று டிராகியும் எழுதியிருக்கிறார். அவர் அறிக்கையில் நாட்டுத் தலைவர்கள் வசதியாகத் தாண்டிப்போகிற பக்கம் அது.

ஆகவே அம்மையாருக்கு என் வேண்டுகோள்கள். 2004 வழிகாட்டுதலில், இணைப்பால் நன்மை உண்டு என்று வாதிடுகிற நிறுவனம் மூன்றை நிரூபிக்க வேண்டும் என்றிருக்கிறது: அந்த நன்மை வாங்குகிறவரைச் சென்றடையும், இணைப்பு இல்லாமல் அது கிடைக்காது, அதைச் சரிபார்க்க முடியும். புதிய உரையில் புதுமையையும் தாங்குதிறனையும் நன்மையாகச் சேர்த்தாலும் சேருங்கள். அந்த மூன்றில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள். நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவரிடமே இருக்கட்டும்.

அரசியல் காரணத்துக்காக ஓர் இணைப்பை யாராவது விரும்பினால், அதை உங்கள் பொருளாதார ஆய்வுக்குள் நுழைத்து, ஆய்வே அப்படிச் சொல்வதுபோல் எழுதிக் கொடுக்காதீர்கள். ரூர்காஸ் விஷயத்தில் யார் தடுத்தார்கள், யார் மீறினார்கள் என்று இன்றும் பெயர் சொல்ல முடிகிறது. அந்த அளவு வெளிச்சமாவது வேண்டும்.

விசாரணையின்போது எங்களைப் போன்ற சிறு, நடுத்தர வாங்குவோரிடம் நேரடியாகக் கேளுங்கள். எங்களிடம் சட்டப் பிரிவு கிடையாது. கொள்முதல் மேசையில் இரண்டு பேர், அவ்வளவுதான். கேள்விகள் குறைவாகவும், பதில் சொல்ல அவகாசம் கூடுதலாகவும், சொன்னவர் பெயர் சப்ளையருக்குப் போய்விடாது என்ற உறுதியோடும் இருந்தால் நிறையப் பேர் வாய் திறப்பார்கள். நாளைக்கும் அதே ஆலையிடம்தான் தகடு வாங்க வேண்டும் என்ற பயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

கடைசியாக ஒன்று. தாங்குதிறன் அல்லது உலகப் போட்டியைக் காரணமாக ஏற்று இனி நீங்கள் அனுமதிக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும், ஐந்தாம் ஆண்டு முடிவில் கணக்கெடுத்து வெளியிடுங்கள்: வாங்குகிறவர்கள் கொடுத்த விலை என்ன ஆனது, சொன்ன முதலீடு வந்ததா, சொன்ன வேலைகள் இருக்கின்றனவா, நிபந்தனையாக விற்ற ஆலைகள் ஓடுகின்றனவா. இப்படி ஓர் ஏற்பாட்டை வழிகாட்டுதலிலேயே எழுதிவையுங்கள். டப்பாத் தகட்டின் விலை விவரம் வேண்டும் என்று கேட்டால், கோப்புகளோடு பிரஸ்ஸல்ஸுக்கு வர நான் தயார்.

இப்படிக்கு,
தகடு வாங்குகிற ஒரு தமிழர்
நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா, ஜெர்மனி